கால் இல்லாமல் ஓடும் ‘ரன்’

பிள்ளை, உம்முடைய கேள்வியை முதலில் மற்றவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். சாதாரண தரப் பரீட்சைக்காக ஒரு அமெரிக்கக் கதைத் துண்டு வாசித்தீர். ஒரே பக்கத்துக்குள் ‘ரன்’ (run) என்ற ஆங்கிலச் சொல் ஐந்து தடவை வந்தது. தாய் ஒரு தையல் கடையை ‘ரன்’ பண்ணுகிறாள். சின்னவளின் மூக்கு ‘ரன்’ பண்ணுகிறது. தோய்க்கப் போட்ட சிவப்புச் சட்டை ‘ரன்’ பண்ணி வெள்ளை உடுப்பெல்லாம் ரோஸ் நிறமாகிவிட்டது. மாமா மேயர் பதவிக்கு ‘ரன்’ பண்ணுகிறார். கடைசியில் அக்காவின் நீளக் காலுறையில் ‘ஒரு ரன்’. “ஐந்தில் ஒருவர்கூடக் காலால் ஓடவில்லையே சேர், இதை எப்படிப் பாடமாக்குறது?” என்று கேட்டிருந்தீர்.

பாடமாக்க வேண்டாம். நான் முப்பத்தொரு வருடம் ஆங்கிலம் படிப்பித்தவன். கரும்பலகையில் ‘ரன்’, அதற்கு நேரே ‘ஓடு’ என்று எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குத் தாவின குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு.

எத்தனை பொருள் என்று கேட்டால் பயந்துவிடுவீர். ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதிக்காரர் இந்தச் சொல்லைத் திருத்தி எழுதப் போனபோது, வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள் கண்டார்கள். 2011-ல் அது செய்தியாகவே வந்தது. பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாசிரியர் ஒன்பது மாதம் இந்த ஒரு சொல்லோடு மல்லுக்கட்டினாராம். அதற்கு முந்திய பதிப்புகளில் ‘செட்’ என்ற சொல்தான் முதலிடத்தில் இருந்தது. சரி, 645-ஐயும் அறிந்த வெள்ளைக்காரர் எவரும் இருக்கப்போவதில்லை. எங்களுக்கு வேண்டியது அந்தச் சொல்லின் அடியில் இருக்கும் ஒரு படம்.

அந்தப் படத்தில் மைதானத்தில் ஓடும் பொடியன் இல்லை, தண்ணீர்தான் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் ‘ரின்னன்’ என்று இருந்த வினைக்கு ஓடுதல் என்றும் வழிந்து பாய்தல் என்றும் பொருள். ஜெர்மன்காரர் இன்றைக்கும் தண்ணீர் வழிந்தால் ‘ரின்னன்’ என்பார்கள், ஆள் ஓடினால் ‘ரென்னன்’ என்பார்கள். ஆங்கிலத்தில் சின்ன ஓடைக்கு ‘ரனல்’ என்று ஒரு சொல் உண்டு. எங்கள் ‘ஓடு’, ‘ஓடை’ இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாரும், அந்நியமாக இராது.

யாழ்ப்பாணத்தில் கோண்டாவில், இணுவில் பக்கம் வெங்காயத் தோட்டத்துக்கு இறைப்பதைப் பார்த்திருப்பீர். மிஷின் ஓடுது. தண்ணி வாய்க்காலில் ஓடுது. வாய்க்கால் வரம்போரமாக வளைந்து ஒவ்வொரு பாத்திக்கும் போகுது. பின்னேரம் நாலு மணிக்குத் தொடங்கினது ஆறு மணி மட்டும் ஓடுது. இந்தக் காட்சியை ஓர் ஆங்கிலேயன் சொன்னால் மிஷினுக்கும் ‘ரன்’, தண்ணீருக்கும் ‘ரன்’, வளைந்து போகிற வாய்க்காலுக்கும் ‘ரன்’, நாலு முதல் ஆறு மட்டும் என்பதற்கும் ‘ரன்’. ஒரு தடத்தைப் பிடித்துக்கொண்டு இடையில் அறாமல் போவது எதுவோ அதெல்லாம் அவனுக்கு ‘ரன்’. நாங்கள் இவற்றில் பாதிக்குமேல் ‘ஓடு’ என்றே சொல்கிறோம். ஆகவே பாதிச் சொல் உமக்கு ஏற்கெனவே தெரியும். இரண்டு மொழியும் பிரிகிற இடங்களில்தான் கவனம் வைக்க வேண்டும்.

உம்முடைய மூக்கையும் சட்டையையும் எடுப்போம். மூக்கில் சிக்கல் இல்லை, எங்களுக்கும் தடிமன் வந்தால் மூக்கு ஓடும். ஆனால் பைப்பை மூட மறந்தால் நாங்கள் “தண்ணி ஓடுது” என்போம், ஆங்கிலத்தில் பைப்பே ஓடும். சட்டையில் வித்தியாசம் இன்னும் வடிவு. நாங்கள் “சாயம் போகுது” என்கிறோம். எங்கள் கண் சட்டையில் இருக்கிறது, அதிலிருந்து ஏதோ போய்விட்டது என்ற கவலை. ஆங்கிலக்காரரின் கண் சாயத்தின் பின்னால் போகிறது. அது வழிந்து பக்கத்து வெள்ளைச் சட்டையில் போய்ச் சேர்ந்ததைப் பார்த்து ‘ரன்’ என்கிறார்கள். வெயிலில் காய்ந்து நிறம் மங்கினால் எங்களுக்கு அதுவும் சாயம் போனதுதான். அவர்களுக்கு அது ‘ஃபேட்’. ‘ரன்’ என்று எழுதினால் பிழை.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு என்று சொல்ல வழுக்கையாறு ஒன்றுதான், அதுவும் மாரியில் மட்டும் ஓடும். மற்றப்படி எங்கள் சீவியம் கிணற்றை நம்பியது. அதனால் ‘ரன் ட்ரை’ என்ற தொடரை இங்குள்ள பிள்ளைகளுக்கு விளக்குவது சுகம். ஓடிக்கொண்டிருந்தது வற்றிப்போனது, கிணறு ‘ரான் ட்ரை’. ‘ரன் ஷோர்ட்’, ‘ரன் லோ’ எல்லாம் அந்த வற்றலுக்கு முந்திய படிகள். முற்றாக முடிந்தால் ‘ரன் அவுட்’. 2022-ல் பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்றபோது ஊர் முழுக்க ‘பெற்றோல் இஸ் ஃபினிஷ்ட்’ என்றுதான் ஆங்கிலம் பேசினோம். எவருக்கும் விளங்கும், ஆனால் இயல்பான ஆங்கிலத்தில் ‘வீ ஹாவ் ரன் அவுட் ஒஃப் பெற்றோல்’ என்று வரும். கவனித்தீரா, அங்கே ஓடி முடிப்பது பெற்றோல் இல்லை, நாங்கள். தமிழில் “எங்களுக்குப் பெற்றோல் முடிஞ்சுது” என்று முடிகிற பொருளை எழுவாயாக வைக்கிறோம். அவர்கள் ஆளை எழுவாயாக வைக்கிறார்கள். ‘த பெற்றோல் ஹாஸ் ரன் அவுட்’ என்பதும் சரியே. ஆனால் ஆளை வைத்துச் சொல்லும்போது ‘ஒஃப்’ வேண்டும், இல்லாவிட்டால் நாங்கள் எல்லோரும் வெளியே ஓடினோம் என்று அர்த்தமாகிவிடும்.

ரயிலில் இரண்டு மொழியும் ஒன்று. யாழ்தேவி 1956-ல் ஓடத் தொடங்கியது. 1990-ல் வடக்குப் பாதை நின்றபின் யாழ்ப்பாணத்துக்கு ரயில் ஓடவில்லை, 2014 ஒக்டோபரில்தான் திரும்ப ஓடியது. எல்லா இடத்திலும் ‘ரன்’ போடலாம், பயமே இல்லை. பாதைக்கும் ஆங்கிலத்தில் ‘ரன்’ உண்டு. கண்டியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏ-9 ‘ரன்’ பண்ணும். எங்களுக்கு றோட்டு ‘போகும்’, ஓடாது.

இனி எனக்குப் பிடித்த பகுதி. தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒருவரிடம் “எனக்குக் கார் ஓடத் தெரியும்” என்று சொல்லிப் பாரும், சிரிப்பார். அவர்களுக்குக் கார் ஓடும், ஆள் காரை ஓட்டுவார். ஓடு தன்வினை, ஓட்டு பிறவினை, இலக்கணம் அப்படித்தான் சொல்லும். எங்களுக்கோ காரும் ஓடும், ஆளும் கார் ஓடுவார். சைக்கிள் ஓடுவோம், மோட்டார்சைக்கிள் ஓடுவோம், பஸ் ஓடுவோம், வள்ளம் ஓடுவோம். வல்வெட்டித்துறையார் கப்பலே ஓடினார்கள். அந்த ஊரில் கட்டின அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938-ல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. இது யாழ்ப்பாணத்தாரின் இலக்கணப் பிழை என்று சிலர் வெட்கப்படுவதுண்டு. நான் வெட்கப்படுவதில்லை, ஏனென்றால் ஆங்கிலமும் இதே வேலையைத்தான் செய்தது.

பழைய ஆங்கிலத்தில் ‘ரின்னன்’ என்பது எங்கள் ‘ஓடு’ மாதிரித் தன்வினை. அதன் பக்கத்தில் ‘ஏர்னன்’ என்று இன்னொரு வினை இருந்தது. குதிரையை ஓட்டிப் போவது, ஓடிப் போய் ஒன்றைப் பிடிப்பது என்றெல்லாம் அதற்குப் பொருள், எங்கள் ‘ஓட்டு’க்கு ஏறக்குறைய அண்ணன் தம்பி. காலப்போக்கில் இரண்டும் கலந்து ஒரே ‘ரன்’ ஆகிவிட்டது. ‘ரன்’ என்பதற்கு இவ்வளவு பொருள் சேர்ந்ததற்கு இது ஒரு முக்கிய காரணம் என்று நினைக்கிறேன். தானே ஓடுவதற்கும் ஒன்றை ஓடவைப்பதற்கும் ஒரே சொல் போதுமென்று ஆனபிறகு, கடை, மிஷின், கணினி நிரல், பரிசோதனை, நாடு என்று எதை வேண்டுமானாலும் ‘ரன்’ பண்ணலாமே.

ஆனால் இங்கேதான் யாழ்ப்பாணத்தாருக்கு ஒரு பொறி. எங்கள் ‘கார் ஓடு’ அப்படியே ‘ரன் எ கார்’ ஆகாது. என் தம்பி பல வருடங்களுக்கு முன்னர் ஒரு சாரதி வேலைக்கு ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதினான், என்னிடம் காட்டாமல். ‘ஆறு வருடமாக ஒரு வான் ரன் பண்ணுகிறேன்’ என்று எழுதியிருந்தான். நேர்முகத்தில் இருந்த வெளிநாட்டுக்காரர், “சொந்தமாக வான் வைத்துத் தொழில் செய்கிறீரே, பிறகேன் இந்த வேலைக்கு வருகிறீர்?” என்று கேட்டாராம். தம்பிக்கு ஒன்றும் விளங்கவில்லை. வான் ஓடுவது ‘ட்ரைவ்’, சைக்கிள் ஓடுவது ‘ரைட்’, பாய்க்கப்பல் ஓடுவது ‘செயில்’. பிரித்தானியர் ‘ரன் எ கார்’ என்றால் காரை வைத்துச் செலவு கட்டுவது: பெற்றோல், காப்புறுதி, டயர், திருத்தம் எல்லாம். ‘எனக்கு ஒரு கார் ரன் பண்ணக் கட்டாது’ என்று சொல்பவர் நல்ல சாரதியாகவே இருக்கலாம். இதற்குள் ஒரு விதிவிலக்கும் கிடக்கிறது. ‘உன்னை ஸ்டேஷனுக்கு ரன் பண்ணுகிறேன்’ என்று ஒரு வெள்ளைக்காரர் சொன்னால் காரில் ஏற்றிக்கொண்டுபோய் இறக்கிவிடுகிறேன் என்று கருத்து. நாங்கள் அதற்கு ‘ட்ரொப்’ என்போம்.

தாயின் தையல் கடைக்கு இப்போது விடை வந்துவிட்டது. கடையை ஓடவைக்கிறாள், அதாவது நடத்துகிறாள். சொந்தக்காரி என்று அர்த்தமில்லை. கடை மாமாவினது, நடத்துவது மருமகன் என்று எங்கள் ஊரில் எத்தனை கடை இருக்கிறது. மாமா ‘ஓன்’ பண்ணுகிறார், மருமகன் ‘ரன்’ பண்ணுகிறான். “கடை ஓடுதோ?” என்று நாங்கள் கேட்பது வேறு, அது வியாபாரம் நடக்கிறதா என்ற விசாரணை. அதற்கு ஆங்கிலத்தில் கடை ‘டூயிங் வெல்’ என்றுதான் பதில் வரும். படம் ஓடுவதற்கு மட்டும் ‘ரன்’ பொருந்தும், நூறு நாள் ஓடின படம் அவர்களுக்கும் நூறு நாள் ‘ரான்’.

மேயர் மாமாவின் கதை சுவையானது. அமெரிக்காவில் பதவிக்கு ‘ரன்’ பண்ணுவார்கள், ஓடுவார்கள். பிரித்தானியாவில் ‘ஸ்டாண்ட்’ பண்ணுவார்கள், நிற்பார்கள். தமிழிலும் பொதுவாகத் தேர்தலில் ‘நிற்கிறார்’ என்பதுதான் வழக்கம். யாழ்ப்பாணத்தில் அதையும் விட்டு, “இந்த முறை ஆர் ஆர் எலக்சன் கேட்கினம்?” என்கிறோம். அமெரிக்கர் ஓட, ஆங்கிலேயர் நிற்க, எங்கள் ஆட்கள் கேட்கிறார்கள். மூன்றிலும் உண்மைக்குக் கிட்ட நிற்பது எங்களது என்று நான் சொல்லப்போவதில்லை, வாக்குக் கேட்டு வீட்டு வாசலுக்கு வந்தவர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பரீட்சையில் பிரித்தானிய வழக்கோ அமெரிக்க வழக்கோ, எதை எடுத்தாலும் கட்டுரை முழுக்க அதையே வைத்துக்கொள்ளும். இலங்கை ஆங்கிலத்தில் ‘கொன்டெஸ்ட்’ என்பதே பத்திரிகை நடை, அதுவும் சரி.

ஓட்டம் என்றதும் கிரிக்கெட் ஞாபகம் வராமல் இராது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் சென். ஜோன்ஸ் கல்லூரிக்கும் 1904 முதல் நடக்கும் வடக்கின் பெரும் சமரைப் பார்த்த எவருக்கும் ‘ரன்ஸ்’ விளக்கத் தேவையில்லை. ஒரு விநோதம் மட்டும் சொல்கிறேன். பந்து எல்லைக்கோட்டுக்குப் போனால் ஆட்டக்காரர் ஓடாமலே நாலு ‘ரன்’ கிடைக்கிறது. ஓடினது பந்து, ஓட்டம் ஆளின் கணக்கில். ஆரம்ப காலத்தில் எண்ணிக்கையைத் தடியில் வெட்டி வைத்ததால் அதை ‘நொட்ச்’, அதாவது வெட்டு, என்றுதான் சொன்னார்கள். ‘ரன்’ பிறகு அதன் இடத்தைப் பிடித்தது. ‘ரன் அவுட்’ ஆனவரைப் பார்த்து அவருக்கு என்ன முடிந்தது என்று கேட்கக்கூடாது, அது வேறு ‘ரன் அவுட்’. இன்னும் ஒன்று: ‘ஹீ ஹாஸ் ஃபிஃப்டி ரன்ஸ்’ என்றால் கைதட்டலாம். ‘ஹீ ஹாஸ் த ரன்ஸ்’ என்றால் ஜீவனி, அதாவது உப்பும் சீனியும் கலந்த மருந்துத் தூள், கரைத்துக் கொடுக்க வேண்டும். அந்த ‘த’ சேர்ந்ததும் அது வயிற்றோட்டமாகிவிடுகிறது. எங்கள் சொல்லிலும் ‘ஓட்டம்’ இருப்பதைப் பாரும். தமிழ்நாட்டில் அது வயிற்றுப்போக்கு, ஓட்டமில்லை. இந்த விசயத்தில் யாழ்ப்பாணமும் லண்டனும் ஒரு கட்சி.

காய்ச்சலுக்கும் ‘ரன்’ வரும், ‘ரன் எ ஃபீவர்’. எங்களுக்குக் காய்ச்சல் காயும், அவர்களுக்கு ஓடும். இதற்குக் காரணம் தேடிக்கொண்டிருக்காமல் அப்படியே எடுத்துக்கொள்ளும்.

‘ரன்’ என்பதற்குப் பின்னால் ஒட்டும் சின்னச் சொற்களில் அதிகம் மினைக்கெடத் தேவையில்லை, படம் பிடிபட்டால் பெரும்பாலும் ஊகிக்கலாம். ‘ரன் இன்டு’ என்றால் சந்தையில் எதிர்பாராமல் ஒருவரைச் சந்திப்பது. அதையே மதிலோடு சொன்னால் போய் மோதுவது. ‘ரன் ஓவர்’ என்றால் வாகனம் ஏறிப்போவது, கூட்டம் நேரத்துக்கு முடியாமல் நீள்வதும் அதே. ‘ரன் அப் எ பில்’ என்றால் கடைக் கொப்பியில் கடன் ஏறுவது. ‘ரன் அவே’ மட்டும் இரண்டு மொழியிலும் ஒரே வீட்டுக்குள் நுழைகிறது: பெட்டை ஒருத்தனோடு ஓடிவிட்டாள் என்று ஊர் பேசும் ஓட்டத்தை ஆங்கிலேயரும் ஓட்டம் என்றே பேசுவார்கள்.

எங்கள் ‘ஓடு’ போய் ‘ரன்’ போகாத இடங்களும் உண்டு. சோதனை மண்டபத்தில் “எனக்கு ஒண்டும் ஓடேல்லை” என்றால் மூளை நின்றுவிட்டது. அதற்கு ‘மை மைண்ட் வென்ட் பிளாங்க்’ என்று வேறு வழியால்தான் போக வேண்டும். இன்னொன்று, “நாங்கள் தொண்ணூற்றைஞ்சில ஓடினனாங்கள்” என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வது. 1995 ஒக்டோபர் 30-ம் திகதி இரவு, போர் நெருங்கிவர, யாழ்ப்பாண நகரைச் சுற்றியுள்ள வலிகாமம் முழுதும் கிழக்கே சாவகச்சேரிப் பக்கம் நகர்ந்ததைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அன்று எவரும் ஓடவில்லை. நாவற்குழிப் பாதையில் அடி எடுத்து வைக்க இடமில்லை, நான் கைக்குழந்தையோடு அங்குலம் அங்குலமாக நடந்தேன். ஆனாலும் சொல் ‘ஓடினது’தான். ஆங்கிலத்தில் இதற்கு ‘ஃப்ளீ’ வேண்டும். ‘வீ ரான்’ என்று எழுதினால் ஏதோ நாய் துரத்தின மாதிரி இருக்கும்.

‘ரன் ஒஃப் த மில்’ என்று ஒரு தொடர் பின்னுக்கு உமக்கு வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆலையிலிருந்து வந்தபடி, தரம் பிரிக்காமல் கிடக்கும் சரக்கு என்பது அதன் அடிப்பொருள். எங்கள் அரிசி மில்லில் குத்தின கையோடு, புடைக்காமல் கொழிக்காமல் சாக்கில் கட்டினதை நினைத்துக்கொள்ளும். அதனால் ‘சாதாரணமானது, விசேடம் ஒன்றுமில்லை’ என்ற பொருள் வந்தது. ஆளைப் பற்றிச் சொன்னால் கொஞ்சம் குத்தும், கவனம்.

வினை வடிவத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. இறந்தகாலத்துக்கு ‘ரான்’. ஆனால் ‘ஹாவ்’, ‘ஹாஸ்’, ‘ஹாட்’ வந்தால் திரும்பவும் ‘ரன்’. ‘ஹாஸ் ரான்’ என்று எழுதி மாக்ஸ் இழந்த பிள்ளைகளை வருடத்துக்கு இருபது பேராவது கண்டிருக்கிறேன்.

மிச்சம் இருப்பது அக்காவின் காலுறை. இதை நீர் கண்டிருக்க வாய்ப்பில்லை, எங்கள் வெயிலுக்கு நைலோன் காலுறையை எவர் போடுவார். அது நெய்த துணியில்லை, ஒரே நூலைக் கண்ணி கண்ணியாகக் கோத்துப் பின்னினது. ஒரு கண்ணி அறுந்தால் அதில் தொங்கிக்கொண்டிருந்த அடுத்த கண்ணி கழரும், அது கழர அதற்கடுத்தது. முழங்காலில் தொடங்கினது கணுக்கால் மட்டும் ஒரு கோடாக இறங்கிவிடும். அமெரிக்கருக்கு அந்தக் கோடுதான் ‘ரன்’. பிரித்தானியருக்கு அதே கோடு ஏணி மாதிரித் தெரிந்ததால் ‘லாடர்’ என்பார்கள். குருநகரில் வலை பொத்துகிறவர்களைப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். வலையில் ஒவ்வொரு கண்ணும் தனித்தனி முடிச்சு. ஒரு கண் அறுந்தால் அந்தக் கண்ணோடு நின்றுவிடும், ஓடாது. காலுறையில் முடிச்சு இல்லை.